தோற்றவனுக்குப் பாதி

நெவாடாவில் அந்த ஆற்றங்கரைச் சூதாட்ட விடுதியின் நாலு டாலர் பந்தய மேசைக்குக் காலையில் வருகிறவர்கள் எல்லாரும் கிழடுகள். பிழைப்பு முடிந்தது, சாவு வரவில்லை, நடுவில் போக்கர். ஆர்விலும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் மனிதர் தோற்பதற்கென்றே வந்துகொண்டிருந்தார்.

சுவரில் மின்னிய பரிசுத் தொகைக்கு அப்படியொரு கோணல் விதி. நாலு சீட்டு ஒன்றுபோல வைத்திருந்தும் ஒருவன் தோற்றுப்போனால் பரிசில் பாதி அவனுக்கு. அவனை அடித்தவனுக்குக் கால், மிச்சம் மேசைக்கு. ஆர்விலின் மனைவி லூவெல்லா பக்கவாதத்தில் விழுந்து, மலைக்கு அப்பால் ஒரு காப்பகத்தில் கிடந்தாள். அந்தப் பாதி கிடைத்தால் ஓர் ஆளை வைத்து அவளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வேறு வழி எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

மேசையின் வாய் கிளேட்டன், பழைய லாரி ஓட்டுநர். புதிதாக வந்த விதவை நோரீனை அவன் விடுவதே இல்லை. "இங்க இடது கையால சீட்டைத் தொட்டா அபராதம்மா" என்றான். பாவம், இரண்டு நாள் ஒற்றைக் கையால் ஆடினாள். "ராணி வந்தா எழுந்து நிக்கணும்" என்றான். நின்றாள். பிறகு அவன் இந்தப் பரிசு விதியைச் சொன்னபோது உஷாராகிவிட்டாள்.

"தோத்தவனுக்கா பரிசு? போய்யா! இன்னொரு தடவை ஏமாற நான் என்ன மடச்சியா?"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆர்விலும் சிரித்தார்.

பிறகு ஒருநாள் ஆர்வில் கையில் இரண்டு எட்டு. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக விரித்ததில் இன்னும் இரண்டு எட்டு, அதில் ஒன்று ஆட்டீன், சிவப்பு இதயம் போட்டது. பக்கத்திலேயே ஆட்டீன் ஒன்பதும் பத்தும். மற்றவர்கள் சீட்டை வீசிவிட, மிஞ்சியது நோரீன். அவளிடம் ஆட்டீன் ஜாக்கியும் ராணியும் இருந்தால் ஐந்தும் ஒரே வரிசையாகி, நாலு எட்டையும் அடித்துவிடும்.

அவள் கை நடுங்கியது. நல்ல சீட்டு வந்தால்தான் அந்தக் கை நடுங்கும்.

"நோரீனுக்கு பூகம்பம் வந்துடுச்சு டோய்! ஆர்வில், ஓடிப்போயிடு!" என்றான் கிளேட்டன்.

ஆட்டம் முடியுமுன் பரிசைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் பரிசு ரத்து. ஆர்வில் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு டாலரை முன்னே தள்ளினார். எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதர், எப்படியாவது என்னைத் தோற்கடித்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

நோரீன் அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது. பிறகு இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டாள். மறுநொடி அவை மற்றச் சீட்டுகளோடு கலந்துபோயின.

"நாப்பது டாலர் உனக்கு! ஆர்வில், மத்தியானச் சாப்பாடு உன் செலவு!" என்று கத்தினான் கிளேட்டன்.

ஆர்வில் தன் சீட்டைக் காட்டவில்லை. நோரீன் அவர் காதருகே குனிந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆட்டீன் ஜாக்கியும் ராணியும் வச்சிருந்தேன். நேத்து லூவெல்லாவைப் பத்திச் சொன்னீங்கல்ல, அப்புறம் உங்ககிட்டப் போய் ஜெயிக்க எனக்கு மனசு வரல."

அவருக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும்தானே ஒருவர்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

நோரீன் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நல்லவேளை! நான் மட்டும் விடலன்னா நீங்க தோத்திருப்பீங்க."