தீக்குச்சி தரைக்கு வந்த நேரம்

சனிக்கிழமை மாலை நான்கு ஐந்துக்கு மூலைக்கம்பத்தின் மேலேறிக் குதித்த தீக்குச்சி, நான்கு பன்னிரண்டுக்குத்தான் கீழே வந்தாள். இடைப்பட்ட ஏழு நிமிடமும் மல்யுத்த ரிங்குக்கு மேலே பத்தடி உயரத்தில், கைகளை விரித்தபடி குப்புற மிதந்தாள். அரங்கில் அப்போது ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். பார்த்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் நாற்காலி எண்ணைத் தேடிக்கொண்டும், காப்பி வாங்கிக்கொண்டும், "இது எங்க சீட்டுங்க, எந்திரிங்க" என்று மல்லுக்கு நின்றுகொண்டும் இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எழுபது கிலோவுக்குக் குறைந்தவர்களின் சண்டை, ஜனங்கள் வந்து உட்காரும்வரை ரிங் சும்மா கிடக்கக் கூடாதே என்பதற்காக நடத்தப்படுவது. அதற்காக அரங்கின் வெள்ளை விளக்குகளைக்கூட அணைப்பதில்லை.

அந்த மல்யுத்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் கிலோதான் அளவு. நூற்று நாற்பது கிலோ லாரிதான் சாம்பியன். போஸ்டரில் அவர் முகம் கதவு அகலத்துக்கு இருக்கும். தீக்குச்சியின் முகம் அச்சகத்தின் முகவரிக்குப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு இருக்கும். யார் ஜெயிப்பது, எதற்காக அடித்துக்கொள்வது என்று எழுதுவதற்குக் கதைக்காரர் ஒருவர் சம்பளத்தில் இருந்தார். லாரிக்கு அவர் எழுதிய கதைகளில் துரோகம் செய்த நண்பன், பிரிந்துபோன தம்பி எல்லாம் உண்டு. ஒரே வருடத்தில் லாரி இரண்டு முறை அநாதையானார். ஒல்லிகளுக்கு எழுத அவருக்கு நேரமில்லை. "யாராவது ஒருத்தர் ஜெயிங்கப்பா" என்று விட்டுவிடுவார். ஆக, அந்தக் கம்பெனியில் முடிவு தெரியாமல் நிஜமாகவே நடந்த சண்டை அது ஒன்றுதான். அதைத்தான் யாரும் பார்க்கவில்லை. அறிவிப்பாளர் தன் பங்குக்கு நாற்பத்தொன்பது கிலோ தீக்குச்சியை எழுபத்திரண்டு என்று மைக்கில் சொல்வார். "எழுபதுக்கு மேல சொன்னாத்தாம்மா கௌரவம்" என்பார். ஆறு வருடமாகத் தீக்குச்சி அந்தக் கௌரவத்தில் இருந்தாள். அவளும் அவளோடு மோதும் பல்லியும் காலையில் பழகிப் பழகிப் பதினெட்டு விதமான பல்டிகள் கண்டுபிடித்திருந்தார்கள். லாரிக்கு ஷூ கயிறு கட்டவே இன்னொருவர் வேண்டும்.

அடுத்த வாரம் ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதற்கடுத்த வாரம் பதினான்கு. அடிபட்டு மயங்கியவனாகப் பல்லி கீழே மல்லாந்து கிடக்க வேண்டும் என்பதால் கிடந்தான்.

"என்ன அங்கயே குடித்தனம் பண்ணப்போறியா?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"இறங்க வர மாட்டேங்குதுடா."

"எனக்கு முதுகு அரிக்குது. சீக்கிரம் பாரு."

அன்று அவள் மேலே இருக்கும்போதே லாரிக்கான பாட்டு போட்டு, புகையும் விட்டுவிட்டார்கள். லாரி நடந்து வந்தார், அண்ணாந்து பார்த்தார், முகம் வாடிவிட்டது. முதலாளி தீக்குச்சியை அறைக்குக் கூப்பிட்டார். மனுஷி எப்படியம்மா மிதக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "டைம்னு ஒண்ணு இருக்குல்ல? லாரி சார் எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்றுதான் கேட்டார். லேசாக இருப்பதுதான் கோளாறு என்று முடிவுகட்டி, காலணிக்கு இரண்டு கிலோ வீதம் ஈயம் வைத்துத் தைக்கச் சொன்னார். தைத்தது அவளுடைய சித்தி. கம்பெனியின் தையற்காரி அவர்தான். ஈயத்தோடும் தீக்குச்சி மேலே போனாள். இருபத்திரண்டு நிமிடம்.

இன்னொரு முறை இப்படி ஆனால் ஒல்லிகள் பிரிவையே மூடிவிட்டு ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதாக முதலாளி சொன்னார். தீக்குச்சி கெஞ்சவில்லை. "ஒரே ஒரு தடவ நான் யாருன்னு மைக்ல சொல்லுங்க சார். எதுக்கு அடிச்சுக்கறோம்னு சொல்லுங்க. அப்புறம் போகச் சொன்னா போயிடறேன்" என்றாள்.

"அத யாரும்மா கேக்கப்போறா?"

அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த சித்தியிடம் மட்டும் வேறொன்று சொன்னாள். ஒவ்வொரு வாரமும் உயரம் கூடுகிறது. "மேல போறப்ப பயமே இல்ல சித்தி. அதான் பயமா இருக்கு."

அடுத்த சனிக்கிழமை நான்கு ஐந்துக்குக் குதித்தாள். நாலரைக்கு அவள் முதுகு தகரக் கூரையைத் தொட்டுவிட்டது. கூரையோரம் காற்றுக்காக ஒரு ஜன்னல் உண்டு. மூடினால் புழுங்கும் என்று எப்போதும் திறந்தே கிடக்கும். அதை நோக்கி, தண்ணீரில் சருகு போவதுபோல, அவள் நகரத் தொடங்கினாள். ஏணி எட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம்தான். லாரிக்குப் பாட்டு போட முடியாமல் முதலாளி அறிவிப்பாளரிடம், "எதையாவது பேசித் தொலைய்யா" என்றார்.

"எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள..." என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். தீக்குச்சி ஒரு சாண் ஜன்னல் பக்கம் போனாள். கதைக்காரர் அவசரமாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். இவளுடைய அண்ணனைக் கொன்றவன்தான் இந்தப் பல்லி என்று அறிவிப்பாளர் படித்தார். இன்னும் ஒரு முழம் போனாள். கீழே மயங்கிக் கிடந்தவன், "யோவ், நான் எவனையும் கொல்லலய்யா. அவளுக்கு அண்ணனே கிடையாது" என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே, எவளுக்கு அண்ணன் கிடையாது என்று தேடி, முதன்முறையாக எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

சித்தி தையல் அறையிலிருந்து உதட்டில் ஊசியோடு ஓடிவந்தார். ஊசியைச் சேலையில் குத்திக்கொண்டு, "நாப்பத்தொம்பது கிலோங்க. நாப்பத்தொம்பதுன்னு சொல்லுங்க" என்றார். அறிவிப்பாளர் சொன்னார். தீக்குச்சி ஒரு சாண் இறங்கினாள். அரங்கமே பார்த்தது. சித்தி சொல்லச் சொல்ல, அறிவிப்பாளர் திருப்பிச் சொன்னார். அவள் அப்பா சிமெண்டு மூட்டை தூக்குகிறவர்; மூட்டை ஐம்பது கிலோ, மகளைவிட ஒன்று அதிகம். அவர்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். கல்லூரி விளையாட்டு ஆசிரியர் அவளை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்று எல்லோர் முன்பும் சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இறங்கினாள். பாதி வழியில் சித்தியிடம் விஷயம் தீர்ந்துபோயிற்று. தீக்குச்சி அங்கேயே நின்றாள்.

அப்போது பல்லி எழுந்து உட்கார்ந்து, கயிற்றுக்கு வெளியே கை நீட்டி மைக்கை வாங்கினான். "நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் நூத்திப் பன்னெண்டு தடவ மோதியிருக்கோம்" என்றான். "நான் அம்பத்தாறு, அவ அம்பத்தாறு. இத எவனும் எண்ணல. நாங்கதான் எண்ணினோம். இன்னைக்கு யார் ஜெயிக்கறாங்களோ அவங்கதான் முன்னாடி. எனக்குச் சத்தியமா யாருன்னு தெரியாது." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் மல்லாந்து மயங்கினான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "லைட்ட அணைங்கப்பா, ஒழுங்கா பாக்கணும்" என்றார். வெள்ளை விளக்குகள் அணைந்தன. தீக்குச்சி வந்தாள், மெதுவாக அல்ல, நாற்பத்தொன்பது கிலோ வரவேண்டிய வேகத்தில், ஈயக் காலணி முன்னால் வர. ஐம்பத்தொரு நிமிடமாகக் கீழே கிடந்த பல்லி கடைசி நொடியில் உருண்டுவிட்டான். அதற்கப்புறம் ஒன்பது நிமிடம் சண்டை. பதினெட்டு பல்டியையும் ஜனங்கள் பார்த்தார்கள். பல்லிதான் ஜெயித்தான். ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு. அடுத்த வாரம் அவள் சமன் செய்வாளா என்று பார்ப்பதற்காகவே நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னாலேயே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பிரிவை மூடுவது பற்றி முதலாளி அப்புறம் வாயைத் திறக்கவில்லை; எல்லாம் தன் யோசனை என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

எப்போது முடியும் என்று சொல்ல முடியாததால் ஒல்லிகளின் சண்டை கடைசிக்குப் போனது. முதல் சண்டையை லாரியே கேட்டு வாங்கிக்கொண்டார். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே. எடையை ரிங்கிலேயே தராசு வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். பொய் சொன்னால் ஆள் மேலே போய்விடுவதால், கதைக்காரர் ஒவ்வொரு ஒல்லியின் வீட்டுக்கும் போய், உட்கார்ந்து, விசாரித்து எழுத வேண்டியதாயிற்று. இதற்கு லாரியே தேவலை என்று முனகிக்கொண்டே போனார். மற்ற ஐவரும்கூட மிதக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு வேகத்தில் இறங்கினார்கள். எத்தனை நிமிடம் என்று ஜனங்கள் பந்தயம் கட்டினார்கள்.

இதெல்லாம் நடந்த மூன்றாம் வருடம், தனக்கு முன்னால் இங்கே யார் யார் இருந்தார்கள் என்று அறிய ஆசைப்பட்டு, தீக்குச்சி பழைய வருகைப் பதிவேடுகளை வாங்கிப் படித்தாள். எழுபது கிலோவுக்குக் குறைந்தவர்களில் நான்கு பேருக்கு நேரே, சொல்லாமல் நின்றுவிட்டார் என்று எழுதியிருந்தது. அந்த நால்வரில் ஒருவரும் வாசல் வழியாக வெளியே போனதைத் தான் பார்த்ததில்லை என்று வாயிற்காவலர் சொன்னார். யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசிச் சண்டை முடிந்ததும் அறிவிப்பாளர் அந்த நால்வரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லலானார். முதலில் பெயரும் எடையும் மட்டும் இருந்தன. கதைக்காரர் விசாரித்து வர வர, ஒருவருக்கு இடது காது கேட்காது என்பதும், அவர் சீட்டியடித்துக்கொண்டே குதிப்பார் என்பதும் தெரிந்தன. ஜனங்கள் எழுந்து போகாமல் கேட்டார்கள்.

ஐந்தாவது மாதம் சீட்டிச் சத்தம் முதலில் வந்தது. பிறகு கூரையோர ஜன்னல் வழியாக அவர் உள்ளே இறங்கி, ஆறாவது வரிசையில் ஓர் அம்மாளின் கைப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொரு வருடம் வெயிலில் இருந்ததில் சட்டை வெளுத்திருந்தது. தன் மேட்ச் முடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, அடுத்த சனிக்கிழமை என்று வலது காதுப் பக்கமாகப் போய்த் தீக்குச்சி சொன்னாள். மற்ற மூவரைப் பற்றி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.