கல்கரிக்குப் போனவர்

இன்றைக்கும் அவன் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது. கை ஈரம் என்று சொல்லலாம். மேற்பார்வைக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள் என்று சொல்லலாம். தம்பிக்காக இத்தனை பொய் சொல்லிப் பழகிய வாய், தம்பியிடம் ஒரு பொய் சொல்லாதா?

வசந்தினி படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்து, சலவைக்கூட இயந்திரத்தின் சூட்டு உருளைக்குள் கொடுத்தாள். மற்ற இரண்டு முனைகளும் கமலாவதியின் கையில் இருந்தன. எல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகள். ஈரமாக உள்ளே போய், அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் கை சுடச் சுட வெளியே விழும். முனை கொஞ்சம் பிசகினாலும் துணி உருளையில் சுற்றிக்கொள்ளும். வெளியே மொன்ட்ரியால்-நோர் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பெண்களின் கழுத்திலும் வியர்வை வழிந்தது.

சட்டைப் பைக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது.

"என்ன கா, அது துடிச்சுக்கொண்டே கிடக்கு. கௌபோயா?" என்றாள் கமலாவதி.

"இல்ல. தம்பி."

"அப்ப கௌபோய் வீட்டில என்ன செய்யிறார்? மாடு சாய்க்கிறாரா?"

"சோறு ஆக்கிறார்."

"குடுத்து வைச்சனீ. என்ட மனிசனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இரிக்கெண்டும் தெரியா."

கமலாவதி திருகோணமலைக்காரி. வசந்தினியின் கணவர் மார்க்கண்டு கல்கரியில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர் என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கல்கரி என்றால் குதிரையும் தொப்பியும் என்று எங்கோ கேட்டுவிட்டு அந்தப் பெயரை வைத்திருந்தாள். அவள் அதை நம்பினாளா என்று வசந்தினிக்குத் தெரியாது. அங்கே குளிர் எப்படி, சம்பளம் எப்படி, ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே வசந்தினிக்கு அவளைப் பிடிக்கும்.

"இஞ்ச ஆள் தேவையெண்டு கதவில ஒட்டியிரிக்கே. அவருக்குக் கேட்டியா?"

"கேட்டன். பொலிஸ் றெக்கோட் பாப்பாங்களாம்."

கமலாவதி அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

மார்க்கண்டு கல்கரியைக் கண்டதே இல்லை. அந்த நாலு வருடமும் அவர் இந்த மாகாணத்திலேயே, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுதுபடுமுன் திரும்பக்கூடிய தூரத்தில், சிறையில் இருந்தார்.

வசந்தினியின் தம்பி சாம்பவனுக்கு அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. தக்ஷினியைக் கல்யாணம் செய்து, அவள் கொடுத்த ஸ்பொன்சர் முடிவுக்காகக் காத்திருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. மகள் ஆர்த்திகாவுக்கு ஆறு வயது. பத்திரம் இல்லாதவனுக்குப் பத்திரம் உள்ளவன் தன் பெயரைக் கொடுப்பது அந்த நாளில் ஊர் ஆட்களுக்குள் பெரிய விஷயமாக இருக்கவில்லை. குளிருக்கு ஜக்கெற் இரவல் கொடுப்பது போலத்தான். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் பெயரும் இலக்கமும் போதும், முகம் தேவையில்லை. "உங்கட பேரில தம்பி கொஞ்ச நாளைக்கு வேலை செய்யட்டுமே" என்று கேட்டது வசந்தினிதான். மார்க்கண்டு பகலில் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தார். "அதுக்கென்ன" என்றார். அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலை. அங்கே சாம்பவனை எல்லோரும் மார்க் என்று கூப்பிட்டார்கள். ஒரு மார்கழி இரவு, மார்க்கின் அட்டையால் பின்கதவு திறந்தது. ஒரு லொறி நிறையத் தொலைக்காட்சிப் பெட்டிகள் போயின. தடுக்க வந்த காவலாளியை யாரோ இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார்கள். அடித்தது சாம்பவன் இல்லை. கதவைத் திறந்துவிட்டது அவன். பொலிஸ் வந்து தட்டியது மார்க்கண்டுவின் கதவை. காவலாளி கண்டது தொப்பிக்கும் மஃப்ளருக்கும் இடையில் தெரிந்த இரண்டு கண்களைத்தான். மார்க்கண்டுவின் படத்தைக் காட்டியதும் இவன்தான் என்றான். மார்க்கோடு வேலை செய்தவர்களும் பத்திரம் இல்லாதவர்கள், ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அன்றிரவு அவர் என் பக்கத்தில் படுத்திருந்தார் என்று வசந்தினி சாட்சி சொன்னாள். மனைவி வேறு எப்படிச் சொல்லுவாள் என்று அரச வழக்கறிஞர் கேட்டார்.

வழக்குக்கு முன்னர் மறியல் சிறையில் போய்ப் பார்த்தபோது, மார்க்கண்டு மேசைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "நான் இனி என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"ஆர்த்திகா சின்னப் புள்ள" என்றாள் வசந்தினி.

அவ்வளவுதான். தம்பியைக் காட்டிக் கொடுக்காதீங்க என்று அவள் சொல்லவில்லை. உருளைக்குள் துணியைக் கொடுக்கும்போதெல்லாம் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் சொல்லவில்லைதானே. ஆனால் அவர் அன்றைக்குத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வழக்கறிஞரிடமும் நீதிபதியிடமும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவர் உள்ளே போனபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பிள்ளைக்காக ஒரு டொக்டரிடம் போகத் தொடங்கியிருந்தார்கள். வெளியே வந்த பிறகு அந்த டொக்டரின் பெயரை இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை.

போன் மூன்றாம் தரம் அதிர்ந்தது. அவள் எடுத்தாள்.

"அக்கா, ஞாயிறு பின்னேரம் வாறம். ஆர்த்திகா பெரியபுள்ளையான சடங்கு அலுவல். நீ இல்லாம நடக்காது."

*

ஞாயிற்றுக்கிழமை மார்க்கண்டு மத்தியானமே அலுமாரியைத் திறந்துவிட்டார்.

"மாமிக்காரி தண்ணி வார்க்கக்குள்ள மாமன் ஜக்கெற்றோட நிக்க ஏலுமா? அந்தக் கோட் சூட்ட எடு, வசந்தி."

அவரிடம் இருந்தது ஒரே ஒரு சூட். வழக்குக்காக வாங்கியது. தீர்ப்பு நாளுக்குப் பிறகு அது அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. போட்டுப் பார்த்தபோது கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வசந்தினி பின்னால் நின்று துணியைப் பிடித்து ஊசி குத்தினாள். அவருடைய முதுகெலும்பு விரலில் பட்டது.

"உள்ள இரிக்கக்குள்ள ரீவீயில பழைய குதிரைப் படம் போடுவானுகள்" என்றார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "எல்லாம் பிரெஞ்சில. ஒருத்தனப் பிழையாப் புடிச்சு உள்ள போட்டிருவானுகள். அவன் வெளிய வந்து, குதிரையில அதே ஊருக்குக் கிறுகி வருவான். வந்து ஒவ்வொருத்தனாச் சுடுவான்."

"மறுகா?"

"மறுகா என்ன, படம் முடிஞ்சிரும். எனக்கு அங்கதான் விளங்கிறல்ல. எல்லாரையும் சுட்டுப்போட்டு, ராச்சாப்பாட்டுக்கு அவன் எங்க போவான்?"

அவள் சிரித்தாள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டிருந்ததால் சிரிப்பு மூக்கால் வந்தது. அவர் சூட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் படுக்கையறைக் கதவில் கொழுவினார்.

வீடு இரண்டாம் மாடியில். தெருவிலிருந்து இரும்புப் படி வளைந்து மேலே வரும். சாம்பவனும் தக்ஷினியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்கள். கடைசிப் படியில் சாம்பவன் சறுக்கினான். மார்க்கண்டு கையைப் பிடித்து மேலே இழுத்தார்.

"பாத்து, தம்பி. ஐஸுக்கு உப்புப் போட மறந்திற்றன்."

சாம்பவன் சப்பாத்தைக் கழற்றுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டான். இப்போது அவனுக்குச் சொந்தமாகத் துப்புரவு வேலைக் கொம்பனி இருந்தது. கர்க்லாண்டில் வீடு இருந்தது. இலையுதிர் காலத்தில் வசந்தினி அவனிடம் போய், அத்தானுக்கு உன் கொம்பனியில் ஒரு வேலை கொடு என்று கேட்டிருந்தாள். "பொலிஸ் றெக்கோட் இல்லாத ஆள்தான் வேணும் எண்டு ஒபீஸ்காரர் கேக்கிறாங்க, அக்கா. என்ட கையில இல்ல" என்றான். அதைச் சொன்னபோதும் அவன் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தக்ஷினி தட்டத்தை மேசையில் வைத்தாள். பழம், வெற்றிலை, ஒரு பட்டுச் சேலை, அழைப்பிதழ். அழைப்பிதழில் ஆர்த்திகா வெள்ளை வண்டியொன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மண்டபத்துக்கு இதிலதான் கூட்டிக்கொண்டு வாறம்" என்றாள் தக்ஷினி. யாழ்ப்பாணப் பேச்சு. "வெள்ளைக் குதிரை. பனிக்குள்ள நல்லா எடுபடுமெண்டு வீடியோக்காரர் சொன்னவர்."

"குதிரையா!" மார்க்கண்டுவின் முகம் விரிந்தது. "அப்ப எனக்கும் ஒரு தொப்பி எடுங்க. கல்கரியால வந்த ஆளுக்குத் தொப்பி இல்லாட்டி எப்பிடி?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சாம்பவன் தேநீரை ஊதினான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மார்க்கண்டு எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்த உப்பு வாளியைத் தூக்கினார். "நீங்க இறங்கக்குள்ள விழுந்திருவீங்க. ரெண்டு பிடி போட்டுவிட்டு வாறன்."

கதவு சாத்திக்கொண்டதும் தக்ஷினி கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

"மச்சாள், குறை நினைக்கக் கூடாது. தண்ணி வார்க்கிறதுக்கு எங்கட அம்மா வேற ஆக்களை யோசிச்சவ. பிள்ளைகுட்டி உள்ள ஆள் வேணுமாம். நான்தான் சொன்னனான், சொந்த மாமி இருக்கேக்க வேற ஆர் வார்க்கிறது எண்டு."

"ஓம்" என்றாள் வசந்தினி.

"ஆனா மார்க்கண்டு அண்ணை வராட்டி நல்லம். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அவர் கல்கரியில எண்டுதான் சொல்லிக்கிடக்கு. இவருக்குக் கொன்றாக்ட் குடுக்கிறவரும் குடும்பத்தோட வாறார். களவெடுத்து ஜெயிலுக்குப் போன ஆள் மேடையில நிண்டா, பிறகு பிள்ளைக்கும் எல்லோ கதை வரும்? அண்ணையைப் பேந்து ஒருநாள் வீட்டை கூப்பிட்டுச் சாப்பாடு குடுப்பம்."

"ரெண்டு மணித்தியாலம்தான், அக்கா" என்றான் சாம்பவன். "ஆரும் கேட்டா கல்கரியில நிக்கிறார் எண்டு சொல்லு. முந்திச் சொன்னதுதானே."

வெளியே உப்புக்கல் இரும்பில் விழும் சத்தம் கேட்டது. ஒரு பிடி. பிறகு ஒரு படி கீழே இன்னொரு பிடி.

வசந்தினி தக்ஷினியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. அந்த நாளில் சாம்பவன் ஒரு றெஸ்ரோறண்ட் குசினியில் கோப்பை கழுவியதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தான். அவள் இன்றைக்கும் அதை நம்பினாள். ஒரு வசனம் போதும். அது வசந்தினியின் நாக்கில் ஆறு வருடமாகக் கிடந்தது. சாம்பவன் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் பயப்படுவது தெரிந்தது. இன்றைக்கு வந்த பயம் அல்ல அது. ஒவ்வொரு முறை இந்தப் படி ஏறும்போதும் அந்த வசனத்துக்குப் பயந்துதான் ஏறியிருக்கிறான். அவனை அப்படிக் காண நேர்ந்தால் தனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறுதலாக இல்லை. ஆர்த்திகாவின் படம் மேசையில் கிடந்தது. அவள் இப்போதும் சின்னப் பிள்ளைதான்.

"சேலையைப் பாருங்கோ, மச்சாள். உங்கடை கலர்."

வசந்தினி சேலையை எடுத்தாள். பார்ப்பதற்காக விரித்து வைத்திருந்த தலைப்பைத் திரும்ப மடித்தாள். முனையோடு முனை வைத்து, உள்ளங்கையால் நீவி, மறுபடி மடித்தாள். மற்ற முனைகளைப் பிடிக்க ஆள் இல்லாததால் நாடியால் அமத்திப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. குளிரோடு மார்க்கண்டு உள்ளே வந்தார். விரல் நுனிகள் சிவந்திருந்தன. உள்ளங்கையில் உப்புத்தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இனிப் பயமில்லாம இறங்கலாம்" என்றார். "அது சரி, மண்டபத்துக்கு நாங்க எத்தின மணிக்கு வரோணும், தம்பி? வெள்ளனே வரட்டுமா?"

சாம்பவன் வாயைத் திறந்தான். தக்ஷினி வசந்தினியைப் பார்த்தாள்.

வசந்தினி மடித்த சேலையைத் தட்டத்தில் வைத்தாள். அதன் மேலே அழைப்பிதழை வைத்தாள். தட்டத்தைத் தம்பியின் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"நான் வரல்ல, தம்பி" என்றாள்.

"அக்கா..."

"வேற ஆளக் கொண்டு வார்ப்பியுங்க."

அவள் குரல் உயரவில்லை. மார்க்கண்டு வாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தட்டத்தைப் பார்த்தார். மூன்று பேரின் முகங்களையும் பார்த்தார். பிறகு, படுக்கையறைக் கதவில் ஊசி குத்தியபடி தொங்கிக்கொண்டிருந்த சூட்டை அவர்கள் காணாதபடி, கதவை உள்பக்கமாகத் தள்ளிவிட்டார்.