கரைக்கு வராத தீர்ப்பு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மயிலாப்பூரில் என் வாசலுக்கு மீன் கொண்டுவரும் மேகலா நாலு நாளாக வரவில்லை. விசாரிக்க நொச்சிக்குப்பம் போனேன், போன இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: சர்வதேசச் சட்டத்தின் அமலாக்கம் என்பது அரசுகளின் இசைவைப் பொறுத்தே...

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: மேகலா மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுக் கைலி ஒன்று. மீன்பிடிக்கப் போன இடத்தில் படகு இன்ஜின் பழுதாகி எல்லை தாண்டிப்போன அவள் புருஷன் ஜான்சனை ஒரு நாடு பிடித்துவைத்து எட்டு மாதம். (எந்த நாடு என்று சொல்லமாட்டேன்.) நம் அரசு வழக்குப் போட்டது. கடல்சட்டத் தீர்ப்பாயத்தில் இருபத்தொரு நீதிபதிகள், ஆளுக்கொரு தேசம், உடனே விடுவிக்கச் சொல்லிவிட்டார்கள்.*

* தீர்ப்பின் நாற்பத்தோராம் பத்தியில் ‘ஜான்சன், தகப்பனார் மாசிலாமணி’ என்று இருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு நாட்டின் வக்கீல்கள் அத்தனை பேரும் வாய்மூடி அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.

3

இரண்டு குப்பங்களுக்குள் தகராறு வந்து பஞ்சாயத்து தீர்ப்புச் சொன்னால், ஜெயித்தவர்கள் போய்க் கேட்பது கௌரவக் குறைச்சல். கரையில் காத்திருக்க வேண்டும். தோற்றவர்கள் தாங்களே படகில் வந்து, பிடித்துவைத்த வலையை இறக்கிவிட்டுப் போவார்கள். நாடுகளுக்கும் அதே வழக்கம்தான் என்று மேகலா நினைத்துவிட்டாள். தீர்ப்பு வந்து நாலு நாளாக, ஜான்சன் இறங்கியதும் உடுத்தக் கைலியோடு கரையிலேயே காத்திருக்கிறாள்.

நாடுகளை இழுத்துவர போலீஸ் கிடையாது என்று மென்று முழுங்கிச் சொன்னேன். அவள் அசரவில்லை.

“எங்களுக்கு மட்டும் போலீசா கீது? பக்கத்து குப்பத்துக்காரங்க எத்தினி தபா வலைய கொண்டாந்து குடுத்துக்கீறாங்க.”

யோசித்துப் பார்த்தேன். தினமும் கடிதமும் கப்பலும் விமானமும் எல்லை கடந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன, யாரும் கம்பெடுத்து நிற்காமல். பெரும்பாலான நாடுகள் பெரும்பாலான நாட்களில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகின்றன. இத்தனை வயதில் இதை நினைத்துப் பார்த்ததேயில்லை. அந்த மணலில் பிரமித்துப்போய் நின்றேன்.

(ஆனால் ஜான்சன் வரவில்லை. என் பிரமிப்பு அவளுக்கு எதற்கு?)

4

முடிவு ஒன்று: அந்த நாடு மசியவில்லை. மேகலா மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு...

(கை வரவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஒரு படகு வருகிறது. ஜான்சன் தண்ணீரில் குதித்து...

இதை அவளுக்கே படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் மாறிவிட்டது.

“அத்த எழுதாத சார். எழுதிட்டா, அவரு வந்துட்டாருன்னு படிக்கிறவங்க எழுந்து பூடுவாங்க. கேக்க ஆளில்லன்னு அந்த நாட்டுக்காரன் சும்மா இருந்துடுவான்.”

5

அடித்துவிட்டேன். ஜான்சன் கரையேறும் வாக்கியத்தை எழுதவேண்டியது அந்த நாடு. அதற்காக இந்தப் பக்கத்தின் கீழே இடம் விட்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்.