திருகாணி ஆலையில் யாரும் விலகவில்லை

காங்ஷான் ஊரின் திருகாணி ஆலையில் ராஜினாமா கொடுத்தவர்கள் மறுநாள் எந்தப் பேருந்தில் ஏறினாலும், அது காலை எட்டு மணிக்கு ஆலை வாசலில்தான் நின்றது. முதலில் ஆ-தூவுக்கு நேர்ந்தது. மரை வெட்டும் இயந்திரத்தை விட்டுவிட்டு, தைனானில் சிப்பி ஆம்லெட் கடை போடப் புறப்பட்டவன், வாணலியும் கையுமாக வாசலில் இறங்கினான். ரயிலில் போனவர்களுக்கும் அதே வாசல்தான். தண்டவாளம் எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் ஆலையின் நாற்பத்தொரு தொழிலாளிகளும் ஒரு தடவையாவது விலகித் திரும்பியிருந்தார்கள்.

எத்தனை பேர் வேலையில் நிலைத்தார்கள் என்று ஆண்டுதோறும் கணித்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவது பணியாளர் பிரிவில் இருந்த பி-சியாவின் வேலை. ராஜினாமாக் கடிதங்களை இழுப்பறையில் போடச் சொன்னார் முதலாளி கோ. "ஆளு எதிர்லயே நிக்கிறான். போயிட்டான்னு எப்படிம்மா எழுதுவே?" அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆண்டுதோறும் நூற்றுக்கு நூறு, மாவட்டத்திலிருந்து ஒன்பது விருதுகள். படிவத்தில் 'ஊழியர் நிலைக்கக் காரணம்' என்ற கட்டத்தில் அவள் 'பேருந்து' என்று எழுத, முதலாளி அதை அடித்து 'குடும்ப உணர்வு' என்று திருத்தினார்.

பத்தாம் ஆண்டில், தைதூங்கில் இருந்த பி-சியாவின் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஒரு மாதம் கூடவே இருந்து இஞ்சி போட்டு நல்லெண்ணெய் விட்டுக் கோழி சமைத்துப் போட வேண்டும். விருதுக்குழு வரும் நேரத்தில் விடுப்பு கிடையாது என்றார் முதலாளி. பி-சியா ராஜினாமா எழுதினாள். மூன்று நாள் எண்ணெய்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு தைதூங் பேருந்தில் ஏறினாள், மூன்று நாளும் ஆலை வாசலில் இறங்கினாள். மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள். "பையன் பொறந்துட்டான்மா. நீ எங்கே இருக்கே?"

ஆபீஸில் என்று சொல்ல நாக்கூசியது. உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து, தன் பெயருக்கு எதிரே 'விலகினார்' என்று எழுதி முத்திரை குத்தினாள். ஒன்பது ஆண்டில் அந்தச் சொல்லை அவள் எழுதியதே இல்லை. கதவருகே ஆ-தூ நின்றான்.

"அக்கா, எனக்கும் எழுதிடுங்க. வாணலி துருப்பிடிக்குது."

எல்லாருக்கும் எழுதினாள். மறுநாள் பேருந்து மலையைச் சுற்றிக் கடலோரமாகப் போய்த் தைதூங்கில் நின்றது.

அடுத்த ஆண்டு முதலாளி போன் செய்தார். "அந்தப் படிவத்தை எப்படிம்மா நிரப்பறது?"

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான். நானும் அஞ்சு தடவை ராஜினாமா எழுதிட்டேன். கார்ல ஏறினா இங்கேயே வந்து நிக்குது. முத்திரை குத்த ஆளில்லை."

"அப்போ நூத்துக்கு நூறு," என்றாள் பி-சியா, பேரனைத் தோள் மாற்றிக்கொண்டே.

விருது வந்தது. போய் வாங்க அவரால் முடியாததால் தபாலில் அனுப்பிவைத்தார்கள்.