ஆள் பார்த்துத் திறக்கும் கதவு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் நாளைக்கே உதிரட்டும்.

என் தங்கை மகனுக்கு நேர்முகத் தேர்வு. ஒல்லி உடம்பு என்பதால் அவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் லிஃப்ட், ஏசி, கதவு எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் வேலை. பத்து மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இதுவும் கைநழுவினால் பெண் வீட்டார் கல்யாணப் பேச்சை முறித்துக்கொள்வார்கள். துணைக்கு நானும் போனேன்.

வாசலில் தானாகத் திறக்கும் கதவு. எங்களுக்கு முன்னால் ஒரு சிவந்த மனிதர் போனார். அவர் தெருவில் வரும்போதே அது திறந்து, லேசாகக் குனிந்து வணக்கமும் வைத்தது. அடுத்து ஒட்டடைக்குச்சி போனான். அவன் நல்ல கறுப்பு. கதவு அசையவில்லை. பின்வாங்கி மறுபடி போனான். ஊஹூம். காற்றில் ஒரு பழைய செய்தித்தாள் பறந்து வந்தது, அதற்குத் திறந்தது. இவன் பாய்வதற்குள் மூடிக்கொண்டது.

வரவேற்பு மேசைப் பெண் உள்ளிருந்து மைக்கில் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கதவு மனசுல ஒண்ணும் இல்ல. நாங்க யாரைப் பாத்துச் சிரிக்கிறோம், யாரைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிறோம்னு பாத்துப் பாத்துப் பழகிக்கிச்சு."

"நீயாவது திறந்து விடேம்மா," என்றேன்.

"என் வேலை போயிடும் சார்."

ஒட்டடைக்குச்சி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். "ஒரு ஸ்க்ரூதான் மாமா. திருகினா சரியாயிடும்."

"திருக வேண்டியதுதானே?"

"உள்பக்கம் இருக்கு."

அவனைத் தேற்றப் பார்த்தேன். "யாருகிட்டதான் இது இல்லடா? கூலிங்கிளாஸ் போட்டவனைக் கண்டாலே எனக்குத் திருடன்னுதான் தோணும்."

"உங்களுக்குத் தோணினா அவனுக்கு என்ன மாமா போச்சு? போய்யா பெருசுன்னுட்டு அவன் வேலையப் பாக்கப் போயிடுவான். ஒரு கட்டடமே சேந்து ஒருத்தனை வேணாம்னா, அவன் எந்தப் பக்கம் போவான்?"

கடைக்குப் போய்ப் பவுடர் டப்பா வாங்கி வந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னிக்கு ஒரு நாள்டா."

"நாளைக்கும் வேலைக்கு வரணுமே மாமா."

கெஞ்சிக் கூத்தாடி வலது கையில் மட்டும் பூசினேன். கதவு கைக்கு மட்டும் திறந்தது. முழங்கை வரை உள்ளே, மற்றதெல்லாம் தெருவில். மேலாளர் வந்தார். கையைக் குலுக்கினார், ஒரு திருப்புளியைக் கொடுத்துச் சோதித்தார், உட்காரச் சொன்னார். கை எங்கே உட்காரும்?

"நல்ல கை," என்றார் மைக்கில். "ஆளும் வந்திருந்தா எடுத்திருப்போம். பத்து மணிக்கு வரலைன்னுதான் எழுதணும்."

ஒட்டடைக்குச்சி கையை வெளியே இழுத்து, பவுடரைக் கால்சட்டையில் துடைத்தான்.

"அம்மாகிட்ட என்ன மாமா சொல்றது?"

"கதவு கோளாறுன்னு சொல்லுடா."

"கோளாறு எங்க இருக்கு? அது நல்லாத்தான் வேலை செய்யுது."

பல் உதிரும் முன் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கட்டடத்தில் தானாகத் திறக்கும் கதவே கிடையாது. வாசலில் ஒருவர் நின்று, ஆள் பார்த்துத் திறந்துவிடுகிறார்.