பூட்டு போட்ட பேரம்

போர்வைக்குள் கையை நுழைத்து அப்பாவின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள் மகள். ஒருமுறை, இரண்டு, மூன்று. பிறகு ஒற்றை விரல். பதினாறு. மறுபடியும் பதினாறு. பதிலுக்கு ஒரு விரலும் அசையவில்லை.

"காலைல பேசினது செல்லாதுப்பா. நான் தப்பா முடிச்சுட்டேன். பிரிச்சுப் பேசுவோம்."

அவர் மாட்டுத் தரகர். சந்தையில் பட்டப்பெயர் பூட்டு. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். வாய் சொல்வது ஊருக்கு, விரல் சொல்வதுதான் விலை. முடிந்ததென்று கட்டைவிரலால் அழுத்திவிட்டால், வாங்கிய மாடு வழியிலேயே செத்து விழுந்தாலும் பேச்சு மாறமாட்டார்.

காலையில்தான் தம்பி விமானம் ஏறினான். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர். மூச்சுக்கு மாட்டிய முகமூடியோடு பேச முடியாமல், அப்பா அவள் உள்ளங்கையைச் சுரண்டினார். எப்ப வருவான்?

உள்ளதை உள்ளபடி பதினாறு மணி நேரம் என்று பிடித்தாள். அவர் புருவம் ஏறியது. கிழட்டு மாட்டுக்கு யானை விலை சொன்னவனைப் பார்க்கிற பார்வை. அவள் விரல்களை ஒரே முறை பிடித்தார். ஐந்து.

"ஐயோ அப்பா, அது ஏரோப்ளேன்! பேரம் பேசினா வெரசா வந்துருமா?"

மறுபடியும் ஐந்து. முகமூடிக்குள் சிரிப்பு வேறு. இத்தனை நாளாகக் காணாத சிரிப்பு. அதில் மயங்கித்தான் இறங்கி வந்தாள். எட்டு. கட்டைவிரல் அழுத்தியது.

விளையாட்டென்றுதான் நினைத்தாள். மத்தியானம் டாக்டர் பார்த்துவிட்டு, "எதைப் பிடிச்சுக்கிட்டு உயிரோட இருக்கார்னே புரியலம்மா" என்றபோதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவே இல்லை.

இப்போது, பேரம் முடிந்து எட்டாவது மணி நேரத்தை முள் தொடப் போகிறது.

"தம்பி இன்னும் கடல் மேலதான்பா இருக்கான். பாதி வழி கெடக்கு. உங்க காலப் பிடிக்கிறேன், பதினாறுக்கு ஒத்துக்குங்க."

கடிகாரத்திலிருந்து அவர் கண் வாசலுக்குப் போனது. கதவு திறக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார். கோபமில்லை. சொன்ன இடத்துக்குச் சரக்கு வந்து சேராதபோது, எதிராளியைத் திட்டாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாரே, அந்த முகம்.

நர்ஸ் வந்து முகமூடியைக் கழற்றினாள். அவர் இமைகளை மூடிவிட்டாள்.

"வர்றவங்களுக்கு இன்னும் எவ்ளோ நேரம்மா ஆகும்? நாலு மணி நேரத்துக்கு மேல ரூம்ல வச்சுக்க விடமாட்டாங்க."

"எட்டு."

"அஞ்சுன்னா நான் கேட்டுப் பாக்கறேன்."

"எட்டுங்க. ஒரு நிமிஷம்கூடக் கொறைக்க மாட்டேன்."

நர்ஸ் வெளியே போனாள். செல்போன் திரையில் குட்டி விமானம் நீலத்துக்கு நடுவே நின்றது. போர்வைக்குள் போன கையை அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை.