கல்மேல் நின்ற கார்

இதைச் சொன்னவர்களில் ஒருவர் மாசி என்கிறார், இன்னொருவர் பங்குனிக் கடைசி என்கிறார். வருஷமும் சரியாகத் தெரியவில்லை. மதராஸ் ரோட்டில் லாரிகள் பெருகத் தொடங்கியிருந்த ஐம்பதுகளில் ஒன்று என்பது வரை நிச்சயம். பேசியவர்கள் இதே வார்த்தைகளைத்தான் பேசினார்களா என்றால், அதற்கும் உறுதி கிடையாது. ஆனால் அண்ணனின் பிணம் வீட்டுக்குள் கிடக்க, திம்மராயன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்ததை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

உள்ளங்கை வெளுத்துவிட்டது. நகக்கண்களிலும் விரல் ரேகைகளிலும் கார் மசையின் கருப்பு அப்படியே நின்றது. வைக்கோலால் தேய்த்தான். சாம்பலைப் போட்டுத் தேய்த்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த தாய்மாமன் பெருமாள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்து மேலே நின்றார்.

"இன்னும் என்னாடா கழுவற? தோலை உரிச்சுடுவியா?"

"மசை போவல மாமா."

"நெருப்புக்கு மசை தெரியுமா, சந்தனம் தெரியுமா? எழுந்து வா. குளிப்பாட்டணும். புள்ள இல்லாதவனுக்கு நீதான கொள்ளி வெக்கணும்?"

திம்மராயன் எழுந்தான். முன்வாசலுக்குப் போக வேண்டுமே என்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

முன்வாசலில் கார் நின்றது. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலையிலிருந்த டாக்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய சின்னக் கார். பேரிகை என்ற அந்த ஊரில் அப்போது வேறு கார் கிடையாது. நாலு சக்கரமும் கழற்றப்பட்டு, நாலு கருங்கற்களின்மேல் அது உட்கார்ந்திருந்தது. சாவுக்கு வந்தவர்கள் அதன் மூடியின்மேல் துண்டுகளைப் போட்டிருந்தார்கள். மட்கார்டின்மேல் வெற்றிலைத் தட்டு இருந்தது. பாடைக்கு வெட்டிவந்த மூங்கில்களைக் காரின்மேல்தான் சாய்த்து வைத்திருந்தார்கள். கழற்றிய இரும்புச் சாமான்கள் ஒரு கோணிமேல் பரப்பியபடியே கிடந்தன. வருகிறவர்கள் அவற்றை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார்கள்.

மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் காரைப் பார்த்துவிட்டு, "நாலு காலையும் மடக்கி உக்காந்துக்கிச்சு. அதுக்கும் துக்கம் போல" என்றார். இரண்டு பேர் சிரித்து, சாவு வீடு என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

மாலூரிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே விழுந்து, "ஹோகிபிட்டியல்லப்பா வெங்கடப்பா" என்று கன்னடத்தில், போய்விட்டாயே என்று, செத்தவரைச் சொல்லி அழுதாள். அழுது முடித்துத் திம்மராயனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பார்த்தாள். சுற்றியிருந்த பெண்களிடம் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்கம்மா இந்தக் கையை! காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் வண்டிக்கடியிலேயே கெடந்தானாம், அண்ணனக் காப்பாத்தணும்னு. கூடப் பொறந்தா இப்படிப் பொறக்கணும்."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்பது ஒரு மாதமாகவே தெரிந்ததுதான். சூளகிரி இறக்கத்தில் மிதித்தால் கார் கேட்டுக்கொண்டு யோசித்துத்தான் நின்றது. ஓசூர் மெக்கானிக் இரண்டு நாள் வண்டியை விடச் சொன்னான். "இதுக்கு மெக்கானிக் எதுக்கு? நானே மாத்திக்கறேன்" என்று திம்மராயன் டீக்கடையில் சொல்லிவிட்டான். பெங்களூருக்குப் போய்ப் புதுக் கட்டைகள் வாங்கிவந்தான். பிரேக்குக் கட்டை என்பது பிறை மாதிரி வளைந்த ஒரு இரும்பு. அதன் முதுகில் தடித்த பட்டை ஒட்டியிருக்கும். சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புச் சட்டிக்குள் இப்படி இரண்டு இருக்கும். மிதித்தால் விரிந்து சட்டியைப் பிடிக்கும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். டாக்டரின் டிரைவர் ஒருமுறை மாற்றும்போது திம்மராயன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

நேற்று விடிந்ததும் நாலு சக்கரத்தையும் கழற்றினான். உள்ளே இருந்ததையும் கழற்றினான். அண்ணன் வெங்கடப்பன் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணா ஏண்டா பிரிச்ச? ஒரு பக்கத்த விட்டு வெச்சிருந்தா, அதப் பாத்து இத மாட்டலாமில்ல."

"எனக்குத் தெரியும்ணா."

அவர் குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போனார். வெயில் ஏறுவதற்குள் அவருக்கு வயிற்றுவலி கண்டது. வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து போகிற வலிதான். ஆனால் இந்தத் தரம் வாந்தி நிற்கவில்லை. காலைப் பஸ் போய்விட்டிருந்தது. அண்ணி சரசம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா தேவல போல இருக்குது. மாட்டு வண்டிய கட்டச் சொல்லட்டா?"

"எதுக்கண்ணி மாட்டு வண்டி? அது சூளகிரிக்கே மத்தியானம் போவும். அரை மணி நேரம் இருங்க. கார்லயே ஓசூருக்குப் போயிடலாம்."

அவன் அதை நம்பித்தான் சொன்னான். இதைப் பிற்பாடு அவன் தனக்குத் தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறான். அப்போது நம்பினான்.

ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது மறந்துபோயிற்று. பார்த்துக்கொள்ள மறுபக்கமும் இல்லை. ஒருவழியாக மாட்டினால் சட்டி உள்ளே போகவில்லை. புதுப் பட்டை தடிப்பாக இருந்தது. அரத்தால் ராவினான். மரக்கட்டையை வைத்து அடித்தான். அதற்குள் டீக்கடைக் கூட்டம் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டது.

"என்னா திம்மராயா, மெக்கானிக் வேணாம்னியே? மருத்துவச்சியக் கூப்புடலாமா?"

அதற்குப் பிறகு அவன் தலையைத் தூக்கவில்லை. காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மத்தியானம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இது தன்னால் ஆகாது. வெளியே போய், "முடியல, வண்டியக் கட்டுங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். அவற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். கண்ணுக்கு நேரே காரின் அடிவயிறு, அதில் காய்ந்த சேறு. அண்ணி வந்து குனிந்து, "ஆச்சா?" என்று கேட்டாள். "இதோ ஆச்சண்ணி" என்றான். அவள் பாதங்கள் போயின. வேலை நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்பானரை எடுத்து இரும்பின்மேல் தட்டினான். கொஞ்சம் நிறுத்தினான். மறுபடி தட்டினான். பொழுது இறங்கும்வரை அவன் செய்தது அதுதான்.

சாயங்காலம் அண்ணனுக்கு வலி சட்டென்று நின்றது. முகம் வெளுத்து, நெற்றி ஈரமாகி, குரல் எங்கேயோ போய்விட்டது. வலி நின்றது நல்லதற்கல்ல என்பது சரசம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளே போய் வண்டியைக் கட்டச் சொன்னாள். திம்மராயன் வண்டியில் அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏரிக்கரை தாண்டியதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"மாட்டிட்டியாடா?"

"மாட்டிட்டேண்ணா."

"நல்லது."

மதராஸ் ரோட்டில் லாரிகளின் வெளிச்சம் தெரிய ஆரம்பித்த இடத்தில் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சரசம்மா வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

இப்போது பிணத்தைக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாசலில் கிடத்தியிருந்தார்கள். திம்மராயன் தலை மழித்து, ஈர வேட்டியோடு நின்றான். பாடை கட்டிக்கொண்டிருந்தவன் கோவிந்தன். அந்த வீட்டு ஏரும் வண்டியும் அவன் பொறுப்பு. ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளத் திம்மராயன் குனிந்தான். கயிற்றை இறுக்கியபடியே கோவிந்தன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"நீங்க மனசு விட்றாதீங்க சின்னய்யா. நான்தான் கொஞ்சம் கெட்டியா நின்னிருக்கணும். நேத்துக் காலையிலயே மாட்ட பூட்டிட்டேன்."

"எப்போ?"

"அம்மா சொன்ன ஒடனே. பின்பக்கமா, சந்துல. பெரியவருதான் அவுக்கச் சொன்னாரு. மத்தியானம் மறுபடி பூட்டினேன். மறுபடி அவுக்கச் சொன்னாரு."

"என்னாத்துக்கு?"

கோவிந்தன் முடிச்சுக்கு இன்னொரு சுற்றுப் போட்டான். பல்லால் கயிற்றை இழுத்தான்.

"'ஊர்ல பாதிப் பேரு வாசல்ல உக்காந்திருக்கறான். இப்ப வண்டியக் கட்டினா, அவனுங்க சிரிப்பு இந்த ஊரு இருக்கற மட்டும் நிக்காது. அவனா வெளிய வந்து முடியலன்னு சொல்லட்டும், அது வரைக்கும் தாங்கிக்கறேன், பழைய வலிதான'ன்னாரு. உங்க ஸ்பானரு சத்தம் கேக்கறப்பல்லாம் சிரிப்பாரு. 'இன்னும் வர்றானா பாரு, எங்கப்பன் ரோசம்'பாரு." கோவிந்தன் தோள்துண்டால் மூக்கைத் துடைத்தான். "தெரியலீங்களே. இப்படி ஆவும்னு அவருக்கும் தெரியலீங்களே."

திம்மராயன் மூங்கிலைப் பிடித்தபடி இருந்தான். கட்டி முடித்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தான். கோவிந்தன்தான் அவன் விரல்களை எடுத்துவிட்டான்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போட்டு நகர்ந்தார்கள். அண்ணிக்குப் பக்கத்தில் நிற்கும் முறை வந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. இப்போது சொன்னால் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். சொல்லாமல் நெருப்பைக் கையில் எடுக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அத்தையும் ஊரும் அவனைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் மொட்டைத் தலைமேல் வெயில்போல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி."

அவள் திரும்பவில்லை.

"அண்ணி, நேத்து மத்தியானமே எனக்கு..."

"தெரியும்."

கையிலிருந்த அரிசியைச் சரசம்மா விரல்களால் அளைந்துகொண்டிருந்தாள்.

"வேல செய்யற சத்தமா அது?" என்றாள். "அவருக்குக் காது இல்லியா, எனக்குத்தான் இல்லியா? நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு ரெண்டு பேரும் கேட்டுக்கினே இருந்தோம்."

அவன் வாயைத் திறந்தான்.

"இப்ப சொல்லாத. இப்ப எனக்கு வேணாம்."

குனிந்து கணவனின் உதடுகளில் அரிசியை வைத்தாள். ஒன்றிரண்டு கன்னத்தில் உருண்டன. அவற்றை எடுத்து மறுபடி வாயில் வைத்தாள். பிறகு அவனுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

பெருமாள் மாமன் கொள்ளிச்சட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். திம்மராயன் வாங்கிக்கொண்டான். பாடை எழுந்தது. மூங்கில் சாய்ந்திருந்த இடம் காலியாகி, காரின் பக்கவாட்டுக் கண்ணாடி தெரிந்தது. அதில் தலை மழித்த ஒருவன் புகையோடு போவதை அவன் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

பிற்பாடு நடந்தவற்றில் சந்தேகம் குறைவு. காரை மழைக்காலம் வரை யாரும் தொடவில்லை. பிறகு கிருஷ்ணகிரி வியாபாரி ஒருவர் வந்து மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். கோவிந்தன் அந்த வீட்டிலேயே இருந்து, கண் மங்கிய பிறகு மகள் வீட்டுக்குப் போனான். பெருமாள் மாமன் இரண்டு வருஷத்தில் காலமானார். சரசம்மா தாய்வீட்டுக்குப் போகவில்லை. திம்மராயனுக்குப் பெண் பார்த்து முடித்தவளும் அவள்தான். அவன் பிள்ளைகளை வளர்த்தாள். அவனுக்குச் சோறு போட்டாள். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை. எண்பதைத் தாண்டி இருந்தாள்.

திம்மராயன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். ஓசூருக்கு மில்களும் கம்பெனிகளும் வந்த காலத்திலும் அவன் பேரிகையை விட்டுப் போகவில்லை. யார் எதைக் கேட்டாலும், கிணற்றுச் சகடை சுற்றவில்லை என்றாலும், பஸ் எத்தனை மணிக்கு என்றாலும், கேட்டவர் முடிக்கும் முன்பே "எனக்குத் தெரியாதுப்பா, வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிடுவான். தெரிந்ததற்கும் அப்படித்தான் சொன்னான். அதனால் ஊரில் அவனுக்குத் 'தெரியாது திம்மராயன்' என்று பெயர் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, அவன் வாயால் அதைக் கேட்பதற்காகவே ஏதாவது கேட்பார்கள். சொன்னதும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவன் எழுந்து போவதில்லை.